நாலு மாத்திரைக் காய்ச்சலும் தினம் ஒரு மாத்திரை நோயும்

(ஒலி வடிவில் வெளியான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் மட்டும் திருத்தப்பட்டுள்ளன.)

இன்னைக்கு ஒரு மாத்திரையோட வரலாறு பேசப் போறேன். சின்ன வெள்ளை மாத்திரை. தண்ணி குடிக்கத் தாமதமாகி நாக்குல கரைஞ்சுட்டா, காலைச் சாப்பாடு வரைக்கும் கசப்பு போகாது. பேரு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 2020-ல, கொரோனா வந்த புதுசுல, இந்தப் பேரை டிவியில கேட்டிருப்பீங்க. எனக்கு அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே பழக்கம். ஏன்னா எனக்கு லூபஸ் இருக்கு.

லூபஸ்னா என்னன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன். முதல்ல ஒரு சின்ன சம்பவம்.

என் சொந்த ஊர் மண்டபம். இராமேஸ்வரத்துக்கு ரயில்ல போறவங்க பாம்பன் பாலம் ஏறுறதுக்கு முன்னாடி பார்க்கிற ஊர். சென்னையில வேலை பார்க்கும்போதுதான் எனக்கு நோய் தெரிஞ்சது. மூட்டுவலி வந்தப்ப சிக்குன்குனியான்னு நினைச்சாங்க. கன்னம் சிவந்தப்ப வெயில்னு சொன்னாங்க. முடி கொட்டினப்ப சென்னைத் தண்ணின்னு சொன்னாங்க. தனித்தனியா எல்லாத்துக்கும் ஒரு பதில் இருந்தது. எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுக்க ஒன்றரை வருஷம் ஆச்சு.

மாத்திரை ஆரம்பிச்சு ஆறு மாசத்துல உடம்பு தேறிடுச்சு. பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மாத்திரை தீர்ந்துபோச்சுன்னு அப்பத்தாகிட்ட அட்டையைக் கொடுத்து வாங்கிட்டு வரச் சொன்னேன். கடைக்காரர், "இது மலேரியா மாத்திரையாச்சே, வீட்ல யாருக்கும் காய்ச்சலா?"ன்னு கேட்டிருக்கார். அப்பத்தா வீட்டுக்கு வந்து சொன்னாங்க: "ஏத்தா, காச்சலுக்கு நாலு மாத்திரை தின்னாப் போதும். நீ என்னத்துக்கு மாசக்கணக்கா தின்னுக்கிட்டுக் கெடக்க? நல்லாத்தான இருக்க?"

நல்லாத்தான் இருந்தேன். அதனால நிறுத்திட்டேன். மூணாவது மாசம் காலையில செருப்புக்குள்ள கால் நுழையல. சிறுநீர் நுரைச்சுப் போச்சு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது.

இன்னைக்குக் கதை என் சிறுநீரகத்தைப் பத்தி இல்லை. அப்பத்தா ஏன் அப்படிச் சொன்னாங்க என்பதைப் பத்தி. அவங்க அறியாமையில பேசலை. அந்தக் கடற்கரை அவங்களுக்குக் கத்துக்கொடுத்ததைத்தான் சொன்னாங்க. காய்ச்சல்னா வெளியில இருந்து வரும், மருந்து சாப்பிட்டாப் போயிடும், அத்தோட கணக்கு முடிஞ்சது. அந்தப் பாடம் எங்கிருந்து வந்தது?

ஊற்றும் கொசுவும்

தமிழ்நாட்டில் மலேரியா விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த இடங்களில் இராமேஸ்வரம் தீவும் ஒன்று. கடல் நடுவில் இருக்கிற மணல் தீவில் மலேரியாக் கொசுவுக்கு நன்னீர் எங்கே கிடைக்கும்னு தோணும். அங்கே மணலைத் தோண்டினால் ஓரளவு ஆழத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். சவுக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற அப்படித் தோண்டிவிடும் குழிகளில் கொசு முட்டையிட்டது. பின்னாளில் தீவின் மலேரியாவை ஆராய்ந்தவர்கள் இந்தச் சவுக்குத்தோப்புக் குழிகளைத்தான் முக்கியமாகச் சுட்டிக்காட்டினார்கள்.

1953-ல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. 1958-ல் அது ஒழிப்புத் திட்டமாக மாறியது. வீட்டுச் சுவரில் டி.டி.டி. அடிப்பார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் சுகாதார ஊழியர் வருவார். விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் தடவி எடுத்துக்கொண்டு போவார். பரிசோதனை முடிவு வர நாளாகும். அதுவரை காத்திருக்காமல் கையோடு குளோரோகுயின் மாத்திரை கொடுத்துவிடுவார். பெரியவர்களுக்கு ஒரே வேளையில் நாலு மாத்திரை.

அப்பத்தா சொன்ன அந்த 'நாலு' இதுதான். பல தலைமுறைக் கிராமத்து மக்களுக்கு மருத்துவம் என்றால் முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கசப்பு மாத்திரைதான்.

மண்டபம் கேம்ப்

எங்க ஊர்ல இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. அதுக்குப் பேரு மண்டபம் கேம்ப். இன்னைக்கும் அந்தப் பேர்ல ரயில் நிலையம் இருக்கு. சென்னைல இருந்து வர்ற நண்பர்கள் ராணுவ முகாமான்னு கேட்பாங்க. இல்லை.

1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது பிரதான வழியானது. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களைக் கடல் தாண்ட விடுவதற்கு முன் சில நாட்கள் தடுத்து வைக்க, முதல் உலகப்போர்க் காலத்தில் மண்டபத்தில் ஒரு முகாம் அமைந்தது. இந்திய மண்ணில் இருந்தாலும் அதை நடத்தியது இலங்கை அரசாங்கம். அதற்கு முன்னால் தூத்துக்குடி பக்கம் தட்டப்பாறையில் இதே மாதிரி ஒரு முகாம் இருந்தது.

முகாமின் பயம் காலரா, பெரியம்மை மாதிரியான தொற்றுகள். துணிகளைக் கிருமி நீக்கம் செய்வார்கள், அம்மை குத்துவார்கள், உடம்பைப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட நாள் வரை நோய் எதுவும் தலைகாட்டவில்லை என்றால் கப்பல் ஏறலாம். 2020-ல் நாம புதுசுன்னு நினைச்ச குவாரண்டைன் எங்க ஊருக்கு நூறு வருஷப் பழக்கம்.

அந்த முகாமின் தர்க்கத்தைக் கவனிங்க. நோய் என்பது ஒரு பயணி. அது வெளியிலிருந்து வரும், ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றும், அதற்கு ஒரு நாள் கணக்கு உண்டு. வாசலில் நிறுத்தி வைத்தால் ஊருக்குள் வராது. காலராவுக்கும் அம்மைக்கும் இது ஓரளவு சரி. மலேரியாவுக்கே இது பொருந்தாது. கடித்த கொசுவிடமிருந்து கிருமி ஏறி, காய்ச்சல் வெளியில் தெரிய பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். போகிற இடத்திலும் கொசு காத்திருக்கும். 1934-35-ல் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கியபோது மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அதைப் பரப்பிய கொசு இனம், நம்ம இராமேஸ்வரத்துச் சவுக்குத்தோப்புக் குழிகளில் வளர்ந்த அதே இனம்தான்.

மரப்பட்டையின் பயணம்

இப்ப அந்தக் கசப்புக்கு வருவோம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் சிங்கோனா என்றொரு மரம். அதன் பட்டையிலிருந்து 1820-ல் பிரான்சில் இரண்டு வேதியியலாளர்கள் குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். வெப்ப நாடுகளில் பேரரசு நடத்த இந்த மருந்து தேவை என்று பிரிட்டிஷாருக்குப் புரிந்தது. 1860-ல் கிளெமெண்ட்ஸ் மார்க்கம் தலைமையிலான பயணத்தில் சிங்கோனா நாற்றுகளையும் விதைகளையும் தென் அமெரிக்காவிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து நீலகிரியில் வளர்க்க ஆரம்பித்தார்கள். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் அரசாங்கத் தோட்டங்கள் வந்தன. 1892-ல் வங்காளத்தில் தொடங்கி, காசுக்கு ஒரு பொட்டலம் என்று தபால் நிலையத்திலேயே குயினைன் விற்றார்கள்.

இலங்கையிலும் இந்த மரம் ஒரு சுற்று ஆடியது. 1869-லிருந்து காப்பிச் செடியை இலைத்துரு நோய் அழித்தது. காப்பித் தோட்டக்காரர்கள் பதற்றத்தில் சிங்கோனாவுக்கு மாறினார்கள். எல்லோரும் ஒரே சமயத்தில் பயிரிட்டதில் பட்டை குவிந்து விலை விழுந்தது. அப்புறம்தான் தேயிலை. நாம இலங்கை மலையகம்னா தேயிலை மட்டும்தான் நினைக்கிறோம். காப்பிக்கும் தேயிலைக்கும் நடுவில், நம்ம பக்கத்திலிருந்து கடல் கடந்து போன கைகள் கொஞ்ச காலம் சிங்கோனாப் பட்டையும் உரித்திருக்கின்றன.

என் மாத்திரையின் தாத்தா அந்தப் பட்டை. இதைப் படிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஓநாய்ன்னு ஒரு பேரு

இப்ப லூபஸ். லத்தீன் மொழியில் ஓநாய் என்று அர்த்தம். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்துக் குதறியது போல இருக்கிறது என்று இடைக்கால ஐரோப்பாவில் வைத்த பெயர். அப்போது பலவகைத் தோல் நோய்களையும் இந்த ஒரே பெயரில் அழைத்தார்கள். 1851-ல் பிரெஞ்சு மருத்துவர் கசனாவ் இதில் ஒரு வகையைப் பிரித்து, சிவந்த லூபஸ் என்ற பொருளில் பெயர் வைத்தார். 1872-ல் வியன்னாவின் கபோசி, இது தோலோடு நிற்பதில்லை, உடம்புக்குள்ளும் போகிறது என்று எழுதினார். காய்ச்சல், மூட்டுவலி, எடை குறைதல் எல்லாம் இதே நோயின் முகங்கள்.

ஆனால் எது தாக்குகிறது? கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸும் அவருடன் இருந்தவர்களும் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். ஒரு வெள்ளணு, இன்னொரு அணுவின் கருவை விழுங்கி வைத்திருந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் விஷயம் தெளிவானது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில், தங்கள் சொந்த செல்லின் கருவுக்கு எதிராகவே எதிர்ப்புப் புரதங்கள் இருந்தன. இன்னைக்கு ஏ.என்.ஏ. என்று எழுதிக் கொடுக்கும் ரத்தப் பரிசோதனை இதைத்தான் தேடுகிறது.

எங்க ஊர் பாஷையில சொன்னா, கடலோரக் காவல் படகு நம்ம ஊர்ப் படகையே எதிரிப் படகுன்னு நினைச்சுச் சுடுற மாதிரி. படகுல கோளாறு இல்லை. காவலும் சோம்பேறி இல்லை, அது அளவுக்கு மேல விழிப்பா இருக்கு. ஆள் அடையாளம்தான் தப்பு. இதைத்தான் ஆட்டோஇம்யூன் நோய், அதாவது தன்னெதிர்ப்பு நோய்னு சொல்றோம். எதிர்ப்புப் புரதங்கள் கூட்டாகப் போய்ச் சிறுநீரகத்தின் வடிகட்டியில் படிந்தால், எனக்கு வந்த மாதிரி கால் வீங்கும். தோல், மூட்டு, ரத்தம், நுரையீரலைச் சுற்றிய உறை, மூளை என்று எங்கே வேண்டுமானாலும் கை வைக்கும். ஒருத்தருக்கு வந்த மாதிரி இன்னொருத்தருக்கு வராது.

இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். பரம்பரைக் கூறுகள், ஹார்மோன், சூழல் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் தூண்டிவிடுகின்றன. அந்தத் தூண்டுதல்களில் ஒன்று வெயில். புற ஊதாக் கதிர் பட்டுத் தோலின் செல்கள் சிதையும்போது, உள்ளே இருக்க வேண்டிய கருப்பொருள் வெளியே தெரிகிறது. ஏற்கெனவே அடையாளம் தப்பிய காவலுக்கு அது போதும்.

வெயில் ஆகாதுன்னு டாக்டர் சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். மண்டபத்துல பொறந்துட்டு! எங்க ஊர்ல பொம்பளைங்க கடல்ல இறங்கிப் பாசி எடுப்பாங்க, மணல்ல கருவாடு காயவைப்பாங்க. நிழல்ல இருங்கன்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடுக்கிறது சுலபம். அவங்கள்ல ஒருத்தருக்கு இந்த நோய் இருந்தா, அந்தச் சீட்டை வச்சு அவங்க என்ன செய்வாங்க? இதுக்கு என்கிட்ட அழகான பதில் இல்லை. முழுக்கைச் சட்டையும் தலையில துண்டும் கட்டிக்கிறதோட, விடியுறதுக்குள்ள போயிட்டு வர்ற மாதிரி நேரத்தை மாத்திக்க முடிஞ்சா நல்லது. ஆனா கடல் நேரத்தைக் கடல்தான் முடிவு பண்ணும்.

இரண்டு கதையும் சேர்ந்த இடம்

கிருமியே இல்லாத நோய்க்கு மலேரியா மருந்து எப்படி வந்தது? 1894-ல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பெய்ன் என்ற மருத்துவர், லூபஸ் தோல்நோய்க்குக் குயினைன் கொடுத்துப் பலன் கண்டதாகப் பதிவு செய்தார். அது பெரிதாகப் பேசப்படவில்லை.

பிறகு இரண்டாம் உலகப்போர். அதற்குள் உலகத்தின் சிங்கோனாவில் பெரும்பங்கு ஜாவா தீவில் விளைந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் குயினைன் வரத்து அறுந்தது. மாற்றாக மெபாக்ரின் என்ற செயற்கை மருந்தை லட்சக்கணக்கான சிப்பாய்கள் தினமும் விழுங்கினார்கள். தோலே மஞ்சளாகிவிடும். அப்படிச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு ஏற்கெனவே இருந்த தோல் தடிப்பும் மூட்டுவலியும் குறைந்தன. 1951-ல் பேஜ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், 18 லூபஸ் நோயாளிகளுக்கு மெபாக்ரின் கொடுத்த அனுபவத்தை லான்செட் இதழில் எழுதினார். இந்த முறை உலகம் கவனித்தது.

இதற்கிடையே, 1934-ல் ஜெர்மனியில் உருவாகி ஓரம் கட்டப்பட்ட குளோரோகுயின், போர் முடியும் தறுவாயில் மறுபடி மேலே வந்திருந்தது. அதில் சின்ன மாற்றம் செய்து 1946-ல் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை உருவாக்கினார்கள். 1955-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அது உள்ளே போய் என்ன செய்யுது? செல்லுக்குள் குப்பையைச் செரிக்கும் அமிலப் பைகள் உண்டு. நோயெதிர்ப்பு செல்கள் தாங்கள் விழுங்கியதை அங்கேதான் நறுக்கி, "இதோ எதிரி" என்று மற்றவற்றுக்குக் காட்டும். இந்த மருந்து அந்தப் பையில் போய்த் தங்கி அமிலத்தைக் குறைக்கிறது. பொய் எச்சரிக்கைகள் குறைகின்றன. யாரையும் கொல்வதில்லை, கூச்சலைக் கொஞ்சம் அடக்குகிறது. அதுவும் மெதுவாக. பலன் தெரியவே சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். நிறுத்தினாலும் உடனே தெரியாது. அங்கேதான் நான் ஏமாந்தேன்.

1991-ல் கனடாவில் நடந்த ஒரு ஆய்வு இதை எனக்காகவே செய்த மாதிரி இருக்கும். நோய் அடங்கி நல்லாயிருந்த 47 பேர். பாதிப் பேருக்கு மருந்தைத் தொடர்ந்தார்கள், மீதிப் பேருக்கு அவர்களுக்குத் தெரியாமல் வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள், நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் மறுபடி கிளம்பும் வாய்ப்பு இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. நல்லாயிருக்கோம்னு நிறுத்தினாங்க. நல்லாயிருந்ததே அந்த மாத்திரையால.

1950-களில் லூபஸ் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நாலு வருஷத்துக்குள் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்து வருஷத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். அதில் ஸ்டீராய்டுக்கும், நோயெதிர்ப்பை அடக்கும் மற்ற மருந்துகளுக்கும், டயாலிசிஸுக்கும் பங்கு உண்டு. தினமும் விழுங்கும் இந்தக் கசப்புக்கும் உண்டு.

2020

அந்த மார்ச் மாதம் என் வாழ்க்கையில மறக்காது. கொரோனாவுக்கு இந்த மருந்து கேட்கும்னு உலகம் முழுக்கப் பேச்சு. 22-ம் தேதி ஐ.சி.எம்.ஆர். சுகாதாரப் பணியாளர்கள் முன்தடுப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவுரை தந்தது. 25-ம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. 26-ம் தேதி மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதற்குக் கட்டுப்பாடு. அதற்குள் சீட்டு இல்லாதவர்கள் நிறையப் பேர் வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டார்கள். சீட்டு கையில வச்சிருந்த நான், ஊரடங்குல ஏழு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில, "உங்களுக்கும் கொரோனா பயமா?"ன்னு சிரிச்சாங்க. எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு அட்டை.

அந்த ஜூன் மாதமே பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு இதனால் பயன் இல்லை என்று சொல்லிவிட்டது. அடுக்கி வைத்தவர்கள் மறந்துபோனார்கள். யோசிச்சுப் பார்த்தா, மறுபடியும் அதே பழைய பாடம்தான். வெளியிலிருந்து ஒரு எதிரி வருது, ஒரு மாத்திரை போட்டுத் தடுத்துடலாம். அதை வருஷக்கணக்கா சாப்பிட்டு உயிர் வாழ்ற ஒருத்தி இருப்பாள் என்ற நினைப்பு யாருக்கும் வரலை.

அப்பத்தாவுக்குப் புரிந்த விதம்

கால் வீங்கி ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அப்பத்தா என்கிட்ட சரியாப் பேசலை. தன்னாலதான்னு ஒரு வருத்தம். நான் வெள்ளணு, எதிர்ப்புப் புரதம்னு என்னென்னமோ விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாங்க. ஒண்ணும் ஏறலை.

அப்புறம் ஒரு நாள் கேட்டேன்: "அப்பத்தா, நீங்க பிரஷர் மாத்திரை எத்தனை வருசமா போடுறீங்க?"

"உங்க தாத்தா செத்த வருசத்துல இருந்து."

"இப்ப பிரஷர் இருக்கா?"

"டாக்டரு இல்லைங்கறாரு."

"அப்ப நிறுத்திடலாமா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "போடி இவளே. நிறுத்துனா ஏறிடாது?"

அவ்வளவுதான். நீண்டகால நோய்னா என்னன்னு அப்பத்தாவுக்கு என்னைவிட நல்லாவே தெரிஞ்சிருக்கு. தப்பு, அந்த மாத்திரைக்கு மேல காய்ச்சல்னு ஒட்டியிருந்த பழைய லேபிள். அந்த லேபிளை ஒட்டினதுல நீலகிரிக்கும், இலங்கைத் தோட்டத்துக்கும், இரண்டு உலகப்போருக்கும், எங்க ஊர் கேம்புக்கும், சவுக்குத்தோப்புக் குழிக்கும் பங்கு இருக்கு.

கேட்கிறவங்கள்ல யாருக்காவது இந்த நோய் இருந்தா இரண்டே விஷயம். டாக்டரைக் கேட்காம மாத்திரையை நிறுத்தாதீங்க, கர்ப்பமானாலும்கூட. நீண்ட காலம் சாப்பிட்டா விழித்திரையை அது பாதிக்கலாம், அதனால டாக்டர் சொல்ற இடைவெளியில கண்ணைப் பரிசோதிச்சுக்கோங்க. நோய் இல்லாதவங்களுக்கு ஒண்ணு: நல்லாத்தானே இருக்கேன்னு சொல்றவங்க தினமும் ஏதாவது சாப்பிட்டா, ஏன்னு கேளுங்க. நிறுத்துன்னு மட்டும் சொல்லாதீங்க.

இந்த வருஷமும் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் அப்பத்தாவும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆளுக்கொரு மாத்திரை போட்டுக்கிட்டோம். அவங்களுடையது கசக்காதாம். அதுல மட்டும் அவங்களுக்குக் கொஞ்சம் பெருமை.